வீட்டுக் கதை வீதிக்கு வரட்டும்

திருகோணமலைப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் திறக்கும் முன்பே இரண்டு கதைகள் தெரிந்துவிடுகின்றன. நோயில் படுத்த தாய் கோணேசரை இருந்த இடத்திலிருந்தே கும்பிட வேண்டுமென்று இராவணன் மலையைப் பெயர்க்கத் துணிந்து வாளால் வெட்டினான் என்பது ஒன்று. சுவாமி மலையில் கடலைப் பார்த்துப் பிளந்து நிற்கும் பாறையை இன்றைக்கும் இராவணன் வெட்டு என்றுதான் காட்டுகிறோம். அந்தத் தாய் இறந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு அவளுக்குரிய கடன்களைச் செய்ய முனைந்தபோது கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உண்டாயின என்பது மற்றது. சொல்பவரைப் பொறுத்து விவரங்கள் மாறும். கரு மட்டும் மாறாது. படையும் வீணையும் பத்துத் தலையும் கொண்ட ஒருவனை இந்த ஊர் அம்மாவுக்காக அலைந்த மகனாகவே நினைவில் வைத்திருக்கிறது. எங்கள் மாவட்டத்தின் மிகப் பெயர்பெற்ற இரு கதைகளும் வீட்டுப் பாசத்தில் பிறந்தவை. அவற்றை முதலில் சொன்ன வாய் எதுவென்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த வாய் தயங்கி மூடிக்கொள்ளவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

இந்தத் துறைமுகத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவல்லர். புயலில் பாய்மரம் முறிந்து 1660ஐ ஒட்டிக் கொட்டியாரக் குடாவில் ஒதுங்கிய ஆங்கிலக் கப்பலிலிருந்து சிறைபிடிக்கப்பட்ட ரொபேர்ட் நொக்ஸ், பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் தப்பிச் சென்று, 1681இல் இலண்டனில் இலங்கையைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் 1956இல் கோணேசர் மலையடியில் கடலுக்குள் மூழ்கிக் கோயிலின் சிதைவுகளைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே அது நூலாயிற்று. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசியதைக் கடற்படை வரலாறுகள் மணிக்கணக்கோடு பதிந்திருக்கின்றன. எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி வந்த அறிக்கைகளை அடுக்கினால் அவையே ஒரு தாங்கியை நிரப்பும். இத்தனைக்கும் நடுவே, இந்தக் கரையில் வளரும் ஆறு வயதுப் பிள்ளைக்கு இது என்னவாகத் தெரிகிறது என்று சொல்லும் சிறுவர் கதை அரிது. அப்பா வேலைக்குப் போகும் இடமாக, அம்மம்மா நெத்தலி காயவைக்கும் இடமாக, பிரெட்றிக் கோட்டை மான்கள் வீதிக்கு வந்து பையைப் பறிக்கும் இடமாக இந்த ஊர் அச்சில் வரவே இல்லை என்று சொல்லலாம்.

அத்தகைய கதைகள் இல்லாமல் இல்லை. மூதூரில், கிண்ணியாவில், நிலாவெளியில், சம்பூரில், தம்பலகாமத்தில் விளக்கணைத்த பிறகு அவை பிறந்துகொண்டுதான் இருக்கின்றன. திமிங்கிலத்தோடு வாக்குவாதப்படும் அப்பப்பா, புறாமலைக்குப் பறந்துபோய்த் திரும்பும் உம்மம்மா, கரைவலை இழுக்கையில் அம்பா பாடி மீனைச் சிரிக்கவைக்கும் மாமா என்று வீட்டு மனிதர்களே அவற்றில் நாயகர்கள். சிலர் அவற்றைக் கொப்பியில் எழுதியும் வைக்கிறார்கள். வெளியே கொடுங்கள் என்றால் மட்டும் கை பின்வாங்குகிறது. “இதெல்லாம் ஒரு கதையா?”, “நான் என்ன எழுத்தாளரா?”, “எங்கட வீட்டு விசயம் ஊருக்கு எதுக்கு?” என்ற மூன்று கேள்விகளில் ஏதாவது ஒன்று வந்து கொப்பியை மூடிவிடுகிறது. இந்தத் தயக்கம் போலியானதல்ல. அடக்கத்திலிருந்தும் பிள்ளைகள்மீதுள்ள பொறுப்பிலிருந்தும் வருவது. ஆனால் அது தவறான அளவுகோலால் அளக்கிறது என்பதே என் வாதம். பாசத்துக்குரிய ஒருவரை வைத்து வீட்டில் செய்யப்பட்ட கதையில் எது குறையென்று சொன்னவர் நினைக்கிறாரோ, பெரும்பாலும் அதுதான் அந்தக் கதையின் பலம். அந்தப் பலத்துக்குத்தான் நம் சிறுவர் இலக்கியத்தில் பஞ்சம்.

அந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் வகுப்பறையிலிருந்து. நமக்கு எழுத்து என்பது சிவப்பு மையோடு அறிமுகமானது. கட்டுரைக்கு முன்னுரை வேண்டும், கதைக்கு நீதி வேண்டும், வசனம் செந்தமிழில் இருக்க வேண்டும், எழுத்துப்பிழைக்குப் புள்ளி குறையும். ஐந்தாம் தரப் புலமைப் பரிசில் பரீட்சை பெற்றோரையும் சேர்த்துப் பயமுறுத்தும் ஒரு நாட்டில், எழுதுவதென்றால் யாரோ திருத்தப் போகிறார்கள் என்ற எண்ணம் நாற்பது வயதிலும் போவதில்லை. அதோடு, நாம் வாசித்து வளர்ந்த சிறுவர் நூல்களில் கணிசமானவை தமிழ்நாட்டிலிருந்து வந்தவை. அவற்றில் நல்லவை நிறைய உண்டு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அச்சில் வரும் பிள்ளை வேறெங்கோ இருக்கும் பிள்ளை என்ற பழக்கம் ஊறிவிட்டால், கொட்டியாரக் குடாவின் வள்ளமும் வாடியும் கதைக்குத் தகுதியற்றவையாகத் தோன்றத் தொடங்கும். வீட்டுக் கதைக்கோ வேறொரு பரீட்சை இருக்கிறது, அது கடுமையானதும்கூட. நான்கு வயதுப் பிள்ளை மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருக்காது. சலித்தால் எழுந்து போய்விடும், பிடித்தால் நாளைக்கும் அதையே கேட்கும், நேற்றுச் சொன்னதில் ஒரு சொல் மாறினாலும் பிடித்துக்கொள்ளும். ஆறு மாதமாகத் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கதை எந்தப் பதிப்பாசிரியரின் மேசைக்கும் வருமுன்பே நூறு முறை திருத்தப்பட்ட கதை.

உலகின் புகழ்பெற்ற சிறுவர் நூல்கள் சிலவற்றின் பிறப்பைப் பார்த்தால் இது விளங்கும். பியற்றிக்ஸ் பொட்டர் 1893இல் நோயுற்றுக் கிடந்த நோயல் மூர் என்ற ஐந்து வயதுப் பையனுக்குப் படங்கள் வரைந்து ஒரு கடிதம் எழுதினார். அவருக்கு முன்பு பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியையின் மகன் அவன். கடிதத்தில் வந்த முயல் பொட்டரே வளர்த்த முயல். பல ஆண்டுகளின் பின் அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கி, விரித்து எழுதி, வெளியீட்டாளர்களுக்கு அனுப்பினார். ஒருவரும் ஏற்காமல் போகவே 1901 டிசம்பரில் தன் செலவில் 250 பிரதிகள் அச்சடித்து உறவினருக்கும் நண்பருக்கும் கொடுத்தார். அதன் பிறகுதான் 1902இல் பீற்றர் முயல் பெரிய வெளியீட்டாளரின் நூலாக வந்தது. சுவீடனில் அஸ்ட்ரிட் லின்ட்கிரெனின் மகள் 1941இல் காய்ச்சலில் கிடந்தபோது, தானே உண்டாக்கிய பிப்பி என்ற பெயரைச் சொல்லி ஒரு கதை கேட்டாள். தாய் சொல்லத் தொடங்கினார், வருடக்கணக்கில் சொன்னார். 1944இல் பனியில் சறுக்கிக் கால் சுளுக்கி வீட்டில் இருக்க நேர்ந்தபோதுதான் எழுதி வைத்தார், அதுவும் மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு. பதிப்பகத்துக்கு அனுப்பிய கடிதத்தில், தன்னைப் பற்றிச் சிறுவர் நல அதிகாரிகளுக்கு முறையிட்டுவிட மாட்டார்கள் என்று நம்புவதாக எழுதியிருந்தார். நகைச்சுவையாக எழுதினாலும் பயம் அதில் தெரிகிறது. அந்தப் பதிப்பகம் திருப்பி அனுப்பியது. 1945இல் வேறொன்று வெளியிட்டது. இருவருமே ஒரே ஒரு பிள்ளைக்காகத் தொடங்கியவர்கள். இருவரும் நிராகரிக்கப்பட்டார்கள், இருவருக்கும் ஐயம் இருந்தது. ஐயம் நீங்கிய பிறகு பகிர்ந்தார்கள் என்றில்லை, ஐயத்தோடேயே பகிர்ந்தார்கள்.

இவர்கள் தனித்திறமை கொண்டவர்கள், நாம் அப்படியா என்று கேட்கலாம். அப்படியென்றால் வங்காளத்தைப் பார்க்கலாம். தக்ஷிணாரஞ்சன் மித்ர மஜும்தார் ஊர் ஊராகப் போய் முதிய பெண்கள் சொன்ன கதைகளைக் கேட்டுத் தொகுத்து 1907இல் ‘தாகுர்மார் ஜூலி’யை வெளியிட்டார், பாட்டியின் பை என்ற அந்த நூலுக்கு முன்னுரை எழுதியவர் தாகூர். உபேந்திரகிஷோர் ராய் 1910இல் வெளியிட்ட சிட்டுக் கதைகளும் கிழக்கு வங்காளப் பெண்கள் மாலையில் பிள்ளைகளைத் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னவை. அந்தப் பெண்கள் யாரும் எழுத்தாளர்கள் அல்லர். நூறு ஆண்டுகளுக்கு மேலாக வங்காளப் பிள்ளைகள் வாசித்துவருவது அவர்களுடைய கதைகளைத்தான். தமிழில் கி. ராஜநாராயணன் கரிசல் கதைகளைத் தேடித் தொகுத்ததன் பின்னால் இருந்ததும் இதே நம்பிக்கை.

நம் மாவட்டத்துக்கே வருவோம். மூதூர் ஆசிரியர் வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’ தொகுதி 1962இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. தனக்கென ஒரு தோணி வேண்டும் என்று கனவு காணும் மீனவச் சிறுவனைச் சுற்றியது தலைப்புக் கதை. அது சிறுவருக்கென எழுதப்பட்டதல்ல. ஆனாலும் இந்தக் கரையின் பிள்ளையொருவனின் ஆசை ஒரு முழுக் கதையைத் தாங்கும் என்பதை அது அறுபது ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டது. ஆலங்கேணியைச் சேர்ந்த கேணிப்பித்தன் ச. அருளானந்தம் சிறுவருக்கான கதைகளையும் பாடல்களையும் நூல் நூலாக எழுதி வந்திருக்கிறார். பெண்கள் நாவல் எழுதுவதே அபூர்வமாக இருந்த காலத்தில் ந. பாலேஸ்வரி இங்கிருந்து எழுதினார். த. சித்தி அமரசிங்கம் நடத்திய ஈழத்து இலக்கியச் சோலை, கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் எதிர்பார்த்திராமல் இந்த ஊர்க்காரரின் எழுத்தை இந்த ஊரிலேயே நூலாக்கியது. எல்லாவற்றிலும் என்னைக் கவர்வது எஸ். ஆர். தனபாலசிங்கம் 2007இலிருந்து வெளியிட்ட கவிதை இதழ். அதற்கு அவர் வைத்த பெயர் ‘நீங்களும் எழுதலாம்’. போர் இன்னும் முடியாத ஆண்டு அது. அந்த நாளில் புதியவர்களுக்குப் பக்கம் ஒதுக்கி ஓர் இதழை நடத்த முடிந்த ஊரில், இன்றைக்கு ஒரு தாயின் கதைக்கு இடமில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாசத்துக்குரியவர்களைப் பற்றிய கதை பிள்ளைக்கு என்ன தருகிறது என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக்கும் ரொபின் ஃபிவுஷும் 2001ஐ ஒட்டி இருபது கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். உன் பாட்டன் பாட்டி எங்கே வளர்ந்தார்கள், உன் பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள், குடும்பத்தில் நடந்த துன்பம் ஏதாவது தெரியுமா என்ற மாதிரியான கேள்விகள். கூடுதலாக விடை தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்மதிப்பும், தம் வாழ்க்கை தம் கையில் இருக்கிறது என்ற உணர்வும் கூடுதலாக இருந்தன. கதை தெரிந்ததால்தான் இவை வந்தன என்று இதை வைத்து முடிவு கட்டக் கூடாது. கதை சொல்லும் வீட்டில் வேறு நன்மைகளும் இருக்கலாம். ஆனாலும் நம் மாவட்டத்துக்கு இந்த ஆய்வில் ஒரு தனிக் கனம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 கடல்கோள் வீடுகளோடு படத்தொகுப்புகளையும் கொண்டுபோனது. 2006இல் சம்பூரிலிருந்தும் மூதூரிலிருந்தும் இடம்பெயர்ந்தவர்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். சம்பூர் மக்களில் பலர் திரும்பிவரப் பத்தாண்டுகள் வரை ஆயிற்று. அப்பப்பாவின் முகம் படத்தில்கூட மிஞ்சாத வீடுகள் இங்கே இருக்கின்றன. அந்த வீடுகளில் பிறந்த பிள்ளைக்கு அவர் எப்படி நடந்தார், எப்படித் தும்மினார், வள்ளத்தோடு எப்படிப் பேசினார் என்பதைக் கதை ஒன்றுதான் தர முடியும். அதை ஒரு வீட்டுக்குள் வைத்திருப்பதை விட, அதே இழப்புள்ள பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் கொடுப்பது நல்லது.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எல்லோரும் எழுதிக் கொட்டினால் தரம் என்னாவது, அரைகுறை எழுத்தைப் பிள்ளைகள் தலையில் சுமத்தலாமா என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கவலைதான். ஆனால் பகிர்வது வேறு, பதிப்பது வேறு. வீட்டுக் கதைகள் அனைத்தும் நூலாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவை நூலாகத் தேவையுமில்லை. கதை வீட்டைத் தாண்டி அறிமுகமற்ற ஒரு பிள்ளையின் காதுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். அங்கேதான் குறையும் தெரியவரும். சொந்தப் பிள்ளைக்கு மாமாவைத் தெரியும், ஆகவே மாமா வந்தார் என்றாலே சிரிக்கும். தெரியாத பிள்ளை, எந்த மாமா, ஏன் ஒரு காலில் மட்டும் செருப்பு என்று கேட்கும். அந்தக் கேள்வி எழும் இடத்தில்தான் எழுத வேண்டியது மிச்சம் இருக்கிறது. ஐயத்துக்கு உரிய வேலையும் அதுதான்: எந்த வரி தெளிவில்லை, எந்த இடத்தில் சலிக்கிறது என்று காட்டுவது. கதை பிறக்கலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை அதற்குக் கொடுத்துவிடுகிறோம். பிழை அங்கேதான் நேர்கிறது. கேட்கும் பிள்ளைகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை நம் நாட்டிலேயே சிபில் வெத்தசிங்க காட்டினார். 1956இல் ‘குடைத் திருடன்’ கதையை எழுதிய அவர், 2020இல் மறைவதற்கு முன் தனது ‘அதிசயப் பளிங்கு’ கதைக்கு முடிவு எழுதும்படி பிள்ளைகளையே அழைத்தார்; 1,250 முடிவுகளோடு வந்த அந்த நூல் கின்னஸ் பதிவேட்டில் இடம்பெற்றது. தொண்ணூறைத் தாண்டிய, உலகம் அறிந்த ஒரு கலைஞர் தன் கதையை முடிக்காமல் பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது, நம் கொப்பிக் கதை முழுமையாகவில்லையே என்று ஏன் வருந்த வேண்டும்?

பேச்சுமொழியைப் பற்றிய தயக்கத்தை நீட்ட வேண்டியதில்லை. கதாபாத்திரம் பேசும்போது மூதூரில் பேசுவதுபோல் பேசட்டும், கதை சொல்லும் வரி எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும், வ. அ. இராசரத்தினமும் பிறரும் எப்போதோ தீர்த்துவைத்த விடயம் இது. இதைவிட முக்கியமானது, தமிழ்ப் பிள்ளைக்குக் கிண்ணியா உம்மம்மாவின் நோன்புக் கஞ்சிக் கதையும், முஸ்லிம் பிள்ளைக்குத் தம்பலகாமத்து அப்பாச்சியின் பொங்கல் கதையும் கிடைப்பது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் படகுப்பாதைக்குக் காத்திருந்த காலம் போய் இரண்டு கரைகளும் நிமிடங்களில் தொடும் தூரமாகிவிட்டன. ஆனால் ஒரு கரையின் வீட்டுக்குள் என்ன கதை ஓடுகிறது என்று மறுகரைக்குத் தெரியாது. மும்மொழித் திட்டங்களும் நல்லிணக்கக் கூட்டங்களும் தொடாத இடம் அது. ஒருவர் தன் பாட்டியை எவ்வளவு நேசித்தார் என்று அறிந்த பிள்ளைக்கு அந்தப் பாட்டியின் சமூகத்தை வெறுக்கக் கற்றுக்கொடுப்பது கடினம். இதைப் பெரிய கொள்கையாகச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் முழுமையாக நம்புகிறேன்.

எனக்குச் சுலபமாக விடை கிடைக்காத மறுப்பு அந்தரங்கம் பற்றியது. பாசத்துக்குரியவர்களைக் கதையாக்கும்போது அவர்களிடம் கேட்டோமா? ஏ. ஏ. மில்ன் தன் மகன் கிறிஸ்டோபர் ரொபினை அவன் பெயரிலேயே கதையில் வைத்தார். 1926இல் வந்த அந்தக் கரடிக் கதை உலகப் புகழ் பெற்றது. மகனுக்கோ பள்ளிக்கூடத்தில் அது கேலியாயிற்று. வளர்ந்தபின் 1974இல் அவர் எழுதிய நினைவு நூலில் அந்தக் காயம் தெரிகிறது. ஆகவே உயிரோடிருப்பவரிடம் கேட்க வேண்டும், பிள்ளையிடமும் கேட்க வேண்டும், வேண்டாமென்றால் பெயரையும் ஊரையும் மாற்ற வேண்டும். பெயர் போனால் கதை போய்விடாது. வெற்றிலைப் பையைத் தேடும் விதமும் கோபம் வந்தால் மௌனமாகக் கிணற்றடிக்குப் போகும் விதமும் பெயரில்லாமலே நிற்கும். நம் மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்ட ஒருவர் கதையில் திரும்பி வரலாமா? வரவைத்தால் பிள்ளைக்குப் பொய் நம்பிக்கை கொடுப்போமா? இதற்குப் பொதுவிதி சொல்ல எனக்கு உரிமையில்லை. அந்த வீட்டார் ஆயத்தமாகும் வரை அந்தக் கதை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். பகிர வேண்டும் என்று நான் கேட்பது பகிரக்கூடியதை மட்டுமே. வெட்கத்தால் மறைப்பதற்கும் காப்பதற்காக வைத்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு அவரவருக்குத் தெரியும்.

கைத்தொலைபேசியில் காணொளி ஓடும்போது இதையெல்லாம் யார் கேட்பார் என்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: அதே கைத்தொலைபேசியில் அம்மம்மாவின் குரலைப் பதிந்து வெளிநாட்டிலுள்ள பேரப்பிள்ளைக்கு அனுப்ப முடியும். கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் வளரும் பிள்ளைகளுக்கு அந்தக் குரல் எந்தக் காணொளியிலும் கிடைக்காதது. எழுத்தாகத் தர விரும்புவோருக்கும் வழி உண்டு. 2005இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகம் ஈழத்துச் சிறு வெளியீடுகளையும் பாதுகாக்கிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் கதை எழுதிப் படத்தோடு வெளியிடலாம். விற்பனைக்குப் போகாத கதைக்குச் சந்தை இல்லையே என்ற கவலையும் தேவையில்லை. பொட்டரின் 250 பிரதிகளுக்கும் தொடக்கத்தில் சந்தை இருக்கவில்லை.

இனி நம் பாடசாலைகளும் நூலகங்களும் செய்யக்கூடியது. ஒவ்வோர் ஒக்டோபரிலும் தேசிய வாசிப்பு மாதம் வருகிறது. பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, சான்றிதழ் என்று அது கழிகிறது. இவ்வருடம் மாவட்டத்தின் கல்வி வலயங்கள் ஒன்றை மாற்றிப் பார்க்கலாம். ஆரம்பப் பிரிவுப் பெற்றோரிடமும் மூத்தவர்களிடமும் வீட்டில் சொல்லும் ஒரு கதையைக் கேட்கலாம். எழுதத் தெரிந்தவர் எழுதித் தரட்டும், தெரியாதவர் சொல்ல உயர்தர மாணவர் ஒருவர் எழுதட்டும், படத்தைப் பிள்ளை வரையட்டும். இதைப் போட்டியாக்கக் கூடாது. முதலாம் இடம், இரண்டாம் இடம் என்று வைத்த அன்றே சிவப்பு மை திரும்பி வந்துவிடும். தயங்கி நின்றவர் மறுபடியும் கொப்பியை மூடிவிடுவார். வந்தவற்றைப் பிரதியெடுத்து, தைத்து, அட்டை போட்டு, கிண்ணியாவில் எழுதியது மூதூருக்கும் மூதூரில் எழுதியது நிலாவெளிக்கும் போகும்படி பாடசாலை நூலகங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். திருகோணமலைப் பொது நூலகத்தின் சிறுவர் பகுதியில் அவற்றுக்கு ஒரு தட்டு ஒதுக்கி, மற்ற நூல்களைப் போலவே எண்ணிட்டு இரவல் கொடுக்கலாம். செலவு தாளுக்கும் நூலுக்கும் மட்டுமே. மாகாணக் கல்வித் திணைக்களம் இதற்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். அதுவும் வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் எந்த அதிபருக்கும் இல்லை.